விருந்தாளியாய்ப் போய் வருவோம்



பரீட்சைகள் முடிந்துவிட்டன. அக்னி நட்சத்திரம் வாசலில் வந்து நிற்கிறது. ஆண்டுதோறும் இந்த நேரத்தில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். “சனி, ஞாயிறு ரெண்டு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிர்ச்சியாக எங்காவது போய்வர வேண்டும் சார். ரொம்பத் தூரம் வேண்டாம், ரொம்பச் செலவும் ஆகக் கூடாது. ஓர் இடம் சொல்லுங்கள்.”

திருவண்ணாமலைக்காரர் இப்படிக் கேட்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் சென்னையும் பெங்களூரும் ஹைதராபாத்தும் நம் ஊரை நோக்கித்தான் கிளம்புகின்றன. அவர்கள் தேடி வரும் மலை நமக்கு வாசலிலேயே நிற்கிறது. ஆனால் அது அக்னித் தலம். சுற்றலாம், கும்பிடலாம், குளிர்ச்சியை மட்டும் அதனிடம் கேட்க முடியாது. சித்திரை மாதத்து நண்பகலில் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த முறை நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: ஏற்காடு. பக்கத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறதே, ஏலகிரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவை நம் வீட்டுப் பிள்ளைகள். காலையில் போய் மாலையில் திரும்பலாம். வெள்ளைக்காரன் காலத்தில் உருவான சின்ன மலையூர் ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கி, நடந்து, ஊர்க்காரர்களோடு பேசிவிட்டு வர வேண்டுமென்றால் நமக்கு அருகில் இருப்பது ஏற்காடுதான். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று அதற்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. கேலியாக வைத்த பெயர்போல இருந்தாலும் நம் பட்ஜெட்டுக்குப் பொருத்தமான பெயர்.

போகும் வழியிலிருந்தே தொடங்குகிறேன். செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, அரூர் வழியாக மஞ்சவாடிக் கணவாயைக் கடந்தால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை வலது பக்கம் எழுந்து நிற்கும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சேலம் நகருக்குள் போய் நெரிசலில் சிக்காமல், அதற்கு முன்பே குப்பனூரில் திரும்பி மலையேறலாம். அகலம் குறைந்த பாதை என்பதால் ஓட்டிப் பழகியவர்கள்தான் அதில் போக வேண்டும். மற்றவர்கள் சேலம் அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வழக்கமான பாதையில் ஏறுவதே நல்லது.

இந்தச் சாலைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1767 செப்டம்பர் தொடக்கத்தில் செங்கம் கணவாயில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும், ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து நடத்திவந்த பெரும்படையும் மோதின. ஸ்மித் அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். அதே மாதக் கடைசியில் நம் ஊர்ப் பக்கத்தில் இரண்டாவது சண்டை நடந்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் பாராமகால் பகுதியும் திப்பு சுல்தானின் கையிலிருந்து கம்பெனியின் கைக்குப் போயின. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலைமேல் காபிச் செடியை நட்டார். அவரோடு சேர்த்துப் பேசப்படும் கிரேஞ்ச் எஸ்டேட் இன்னும் இருக்கிறது. பீரங்கி போன வழியில் பின்னாளில் காபி மூட்டை வந்தது. இன்று நாம் பிள்ளைகளோடு ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டபடி போகிறோம்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். ஏற்காட்டை 1842-இல் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ‘கண்டுபிடித்தார்’ என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். மன்றோ 1827-லேயே பத்திகொண்டாவில் காலராவில் இறந்துவிட்டார். இறந்து பதினைந்து வருடம் கழித்து அவர் எப்படி மலையேறினார் என்பதை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். தேதி கிடக்கட்டும், ‘கண்டுபிடித்தார்’ என்பதே சரியில்லை. காக்பர்னுக்கும் மன்றோவுக்கும் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த மலையில் ஊர்கள் இருந்தன, கோயில் இருந்தது, தினையும் சாமையும் விளைந்தன.

அங்கே வாழும் மலையாளி மக்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. அவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோய்க் குடியேறினார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பரவியிருக்கும் இவர்கள்தான் நம் ஜவ்வாது மலையிலும் இருக்கிறார்கள். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஏற்காட்டில் முகங்கள் அந்நியமாகத் தெரியாது.

மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. கோபுரமும் பிராகாரமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை, உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி ஆறுவரை போகிறது என்பது நம்பிக்கை. மே மாதம் இங்கே திருவிழா நடக்கும். சுற்றுப்பட்ட மலைக் கிராமங்கள் எல்லாம் திரளும். அதே மாதம் அரசின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் கீழே அண்ணா பூங்காவில் நடக்கும். ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்கான விழா, இன்னொன்று ஊருக்கான விழா. இரண்டும் பாருங்கள்.

நான் ஏற்காடு போகும்போதெல்லாம் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் வேறு. ஹோலி டிரினிட்டி என்கிற பழைய ஆங்கிலேயத் தேவாலயம். கல்லறைகளுக்கு நடுவே புல்லும் பாசியும் மண்டிக் கிடக்கும். படகு இல்லத்தில் கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையிலும் இங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. தமிழ் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு பேருக்கும் இந்த ஊருக்கும் உறவுண்டு.

ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பள்ளியை நடத்தியவர். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1874-இல் வந்த அவருடைய தொகுப்பில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. இன்னொரு வகையில் அவர் நம் தொழில்காரர். 1855-இல் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர் அவர். ஆசிரியர் பக்கம் எழுதும் எவருக்கும் ஒருவகையில் பாட்டனார் முறை. 1882-இல் ஏற்காட்டில் காலமானார்.

மற்றவர் அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியல் துறை அதிகாரி. 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் அவர் குனிந்து எடுத்த ஒரு கல்தான், இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி. ஓய்வுபெற்ற பிறகு ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு, சேர்த்து வைத்த கற்கருவிகளோடும் பானை ஓடுகளோடும் வாழ்ந்தார். அந்தச் சேகரிப்பு பிறகு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். நினைவுக் கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் கிடைக்கும் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மலைமக்கள் மரத்தடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டு வந்ததை அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பல ஆயிரம் வருடத்துக் கருவி ஒன்று திருநீறும் பூவும் சூடி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயின்ட் என்று பட்டியல் போட்டு ஓடுகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

பிள்ளைகளுக்குக் காட்ட இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் அமைத்த ஆர்க்கிட் தோட்டம். பூச்சியை விழுங்கும் குடுவைச் செடியை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். இன்னொன்று காபித் தோட்டம். வெயிலுக்குக் குடை பிடித்தாற்போல் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி, கீழே நிழலில் அரபிகா காபிச் செடி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால், பத்து நாளுக்குள் செடி முழுக்க மல்லிகைபோல் வெள்ளைப் பூ பூத்து, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அந்த மழை தவறினால் அந்த வருட விளைச்சலும் தவறும். பழம் பழுப்பது மழைக்காலம் முடியும்போது. பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, பச்சைக் காயை விட்டுவிட்டுச் சிவந்ததை மட்டும் விரலால் உருவி எடுப்பார்கள். ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். காலையில் நாம் குடிக்கும் டிகிரி காபிக்குப் பின்னால் எத்தனை விரல்கள் இருக்கின்றன என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

குளிர் ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லிக் கொடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். வெள்ளைக்காரர்கள் மலையேறியதற்கு முக்கியக் காரணம் இந்த ஏழெட்டு டிகிரிதான். சென்னை அரசாங்கமே கோடையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போன காலம் அது. அதே காலத்தில் எல்லா வெள்ளைக்காரர்களும் குளிரைத் தேடிப் போகவில்லை என்பதும் நமக்குத் தெரியும். 1911-இல் வேலூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஹம்ஃப்ரீஸ், வெயில் கொளுத்தும் நம் மலைக்கு வந்து ரமண மகரிஷியைப் பார்த்தார். அவருக்குப் பின் எத்தனையோ பேர் வந்தார்கள்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சென்ற முறை ஏற்காட்டு ஏரிக்கரையில் மிளகும் காபித் தூளும் விற்கும் அம்மாள் ஒருவரிடம், “ஞாயித்துக்கிழமை நல்ல வியாபாரமாக்கா?” என்று கேட்டேன். “வியாபாரம் இருக்குதுங்கண்ணா. ஆனா அன்னிக்கு யாருக்காச்சும் நெஞ்சு வலின்னா சேலத்துக்குக் கொண்டுபோக முடியாதுங்க. ரோடு பூரா கார்தான்” என்றார்.

இதைக் கேட்டு நம் ஊர்க்காரர் யாராவது ஆச்சரியப்படுவோமா? பௌர்ணமி இரவில் தடுப்புக் கட்டைகளைத் தாண்டிப் பிரசவ வலிக்காரியை ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் பட்ட பாடு நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் பேசப்படுகிறது! பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் போய்ப் பாருங்கள். பாக்குமட்டைத் தட்டும் பேப்பர் கப்பும் தண்ணீர் பாட்டிலும் குவிந்து கிடக்கும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டே போவார்கள். பசுமாடு ஒன்று பாலித்தீன் பையோடு சேர்த்துச் சாம்பார் சாதத்தை மென்றுகொண்டிருக்கும். கார்த்திகை தீபம் நெருங்கினால் வாடகை ஏறும், ஆட்டோ ஏறும், வாழைத்தார் விலையும் ஏறும்.

வருகிறவர்களால் நம் ஊர் பிழைக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். பூக்கடை, டீக்கடை, லாட்ஜ், நம் பத்திரிகை உட்பட எல்லாமே அவர்கள் தயவில்தான். ஆனால் வருகிறவர்களில் இரண்டு வகை இருப்பதும் நமக்குத் தெரியும். ரமண நகரில் மாதக்கணக்கில் தங்கி, பால்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்கு நடந்து போகும் வெளிநாட்டுக்காரர் ஒருவகை. ராஜகோபுரத்தின் முன் செல்ஃபி எடுத்து, சாப்பிட்ட பார்சலைக் கார் கண்ணாடி வழியாக வீசிவிட்டு மாலைக்குள் கிளம்பும் ஆள் இன்னொரு வகை. நமக்கு யாரைப் பிடிக்கிறது? ஏற்காட்டுக்குப் போகும்போது நாம் யாராக இருக்கப் போகிறோம்? எனக்கு இருக்கும் கேள்வி இதுதான். விருந்தாளியால் ஊர் படும் பாட்டை அறிந்த நாம், நல்ல விருந்தாளியாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

மலையும் தாங்கும் அளவுக்குத்தான் தாங்கும். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலை சரிந்து அடிவாரத்து வீட்டில் ஏழு பேர் புதைந்து போனார்கள். அதில் குழந்தைகள் அதிகம். அந்த வாரம் முழுக்க இந்த ஊர் தூங்கவில்லை. அதே புயல்தான் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண்ணையும் பாறையையும் சரித்து, போக்குவரத்தை நிறுத்தியது. மலைச் சரிவை வெட்டி அறை கட்டினால், ஓடை வழியை மறித்துப் பார்க்கிங் போட்டால், மழை கணக்குக் கேட்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. வண்டிகள் பெருகிப்போனதால் வந்த நிலை அது. ஏற்காடு அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதில் சுற்றுலாத் துறைக்கும் நமக்கும் சமபங்கு உண்டு.

எனவே, போகிறவர்களுக்கு ஒரு மூத்தவன் சொல்வதாக எடுத்துக்கொண்டு சிலவற்றைக் கேளுங்கள்.

முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்து, விடுமுறை நாட்களின் நடுவாரத்தில் போங்கள். முடியாதவர்கள் சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஏறி, ஞாயிறு மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தவர்கள் சேலத்திலிருந்து அரசுப் பேருந்திலேயே ஏறுங்கள். மேலே போனதும் நடந்தே பார்க்கலாம்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். கோடையில் மலைமேல் தண்ணீர் கஷ்டம். லாட்ஜ் அறையில் நாம் திறந்துவிடும் குழாய்க்கான தண்ணீர் பக்கத்துத் தெருப் பெண்ணின் குடத்திலிருந்துதான் வருகிறது. ஏரியில் எதையும் வீசாதீர்கள். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கீழே கிளியூர் அருவியாக விழுகிறது. நாம் மேலே போட்டது அருவியில் குளிப்பவர் தலையில் விழும். குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள். நாம் பழக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். மறுநாள் அது கடைக்காரர் வீட்டுக் கூரையைப் பிரிக்கும்.

வாங்குவதை அங்கேயே வாங்குங்கள். மிளகு, காபிக்கொட்டை, தேன், பலா, கொய்யா என்று மலையில் விளைந்ததை, விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். தேவாலயத்திலும் குகைக் கோயிலிலும் குரலைத் தாழ்த்துங்கள். எஸ்டேட்டுக்குள் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். காபிப் பூவைக் கிள்ளாதீர்கள், ஒவ்வொரு பூவும் ஒரு பழம்.

இந்த இதழில் ஜவ்வாது மலை சாமை பற்றிய கட்டுரையும், சாத்தனூர் அணைக்கரை மீன் வறுவல் பக்கமும், விடுமுறையில் பிள்ளைகள் படிக்கச் சிறுவர் கதைகளும் இருக்கின்றன. ரமலானுக்கும் தீபத்துக்கும் அனுப்பியதுபோல் இந்தக் கோடைக்கும் உங்கள் பயணக் குறிப்புகளை அனுப்புங்கள். எத்தனை பாயின்ட் பார்த்தீர்கள் என்று எழுத வேண்டாம். யாரிடம் பேசினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள். நல்ல கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

கிளம்பும்போது பையில் ஒரு துணிப்பையும் வீட்டுத் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். மேலே கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு நம் ஊருக்கு வருகிறவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்